மலைப்படத்தின் பின்பக்கம்

குழந்தைகளே, கும்மிடிப்பூண்டியில் அட்டைப்பெட்டிகளுக்கு அச்சடிப்பது என் வேலை. ஊர் திரும்பவிருந்த எங்கள் ஜப்பான் இன்ஜினியர் எனக்கு ஒரு பனிமலைப் படம் பரிசளித்தார். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றிய படம். வீட்டில் தொழில் பழக்கத்தில் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மை கசிந்திருந்தது! எங்கள் அச்சில் அப்படிக் கசிந்தால் அது கழிவு.

எட்டிப் பார்த்த என் மனைவி, "இன்னாய்யா, வேஸ்ட்டை உன் தலையில கட்டிட்டாரா?" என்றாள்.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போய், "இது ரிஜெக்ட்டா சார்?" என்று கசிவைக் காட்டினேன்.

அவர் உள்ளங்கையால் மேசையை அழுத்தித் தேய்த்துக் காட்டினார். "மெஷின் இல்லை, கை. கலர் பேப்பர் உள்ளே போகணும். நல்ல படமான்னு தெரிய, நானும் பின்னாலதான் பார்ப்பேன்."

படத்தோடு வீடு திரும்பினேன். சந்தேகப்படுவதை நான் இன்னும் விடவில்லை. ஆனால் முடிவுகட்டும் முன் கேட்டுவிடுகிறேன்.