அம்மாவாசை இறக்கிய ஒன்றரைக் கட்டை

அம்மாவாசை அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. மூன்று மாதம் என் காதில் பூ சுற்றிய மனுஷன் அவர். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அவர் இல்லையென்றால் நான் இன்றைக்கு மிஷன் வீதிக் கண்ணாடிக் கடையில் "பவர் செக் பண்ணணுமா சார்?" என்று கேட்பதோடு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அவருக்கு நாற்பத்து நாலு வயது. அமாவாசை அன்று பிறந்தார், வீட்டில் அதையே பேராக வைத்துவிட்டார்கள். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு அம்மா செல்வாம்பாள் ஒரு சொல்தா வீட்டுக்கு வேலைக்குப் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டில் எழுபதுகளில் வந்த கிதார் ரெக்கார்டுகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. அம்மா பாத்திரம் தேய்க்க, பிள்ளை அதைக் கேட்டே வளர்ந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டை எடுத்து, கரண்டை ஏற்றி, நெஞ்சுக்கூடு அதிர வாசிக்கிற இசை. இன்றுவரை வேறு எதுவும் அண்ணன் காதில் ஏறாது. கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுக் கச்சேரி ஆரம்பித்தால் பாயசத்தைக் குடித்துவிட்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்.

வேலை, தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அங்கேயே பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டாரத்தில் ஒரு பட்டறையும் திறக்காது, சத்தமாக இருக்கிறது என்று சண்டைக்கு வர ஆளே கிடையாது. அவர் கிதார், இளம்பரிதி பேஸ் கிதார், அருள்பிரகாஷ் ட்ரம்ஸ், பாட்டு நான். எங்கள் பேண்டின் பேர் 'இடிதாங்கி'.

அருள்பிரகாஷ் எங்கள் பங்குக் கோயில்காரன். பாடற்குழுவில் நான் பாடுவதைக் கேட்டு அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். கோயிலில் பாடுகிற பெண் இந்தக் காட்டுக் கத்தலுக்கு ஒத்துவருமா என்று அண்ணனுக்குச் சந்தேகமாம். முதல் பாட்டை நான் முடித்ததும், "இன்னொருவாட்டி" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. எட்டு வருஷமாக அதற்கு மேல் ஒரு முத்து அவர் வாயிலிருந்து உதிர்ந்ததில்லை.

'ஆலைச் சங்கு' என்று ஒரு பாட்டு வைத்திருக்கிறோம். அவருடைய அப்பாவின் மில்லைப் பற்றியது. கடைசியில் மில் சங்கு ஊதுவது போல நான் குரலை மேலே மேலே ஏற்றி அங்கேயே நிறுத்துவேன். வருஷா வருஷம் ஜூன் இருபத்தொன்று, ஊரே தெருவில் பாடுகிற இசை நாளில், அதோடுதான் எங்கள் நிகழ்ச்சி முடியும். அந்த ஒரு இடத்துக்காகவே நிற்கிற கூட்டம் உண்டு. வீட்டிலும் கடையிலும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டுகிறவள் நான். அந்த இடத்தில் மட்டும் யாருக்கும் தலையாட்ட வேண்டியதில்லை.

போன நவம்பரில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பயப்படுகிற கட்டி இல்லை, ஆண்டவருக்கு நன்றி. ஆனால் கண் விழித்துப் பேசினால் காற்றுதான் வந்தது. இரண்டு மாதத்தில் பேச்சு திரும்பியது, மேலே போகிற குரல் திரும்பவில்லை. "இதுக்கு மேல வர்றது கஷ்டம்மா" என்று டாக்டர் சொன்னதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. வீம்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிப் பார்ப்பேன், குரல் உடையும், அழுவேன்.

மார்ச் மாதம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் பேசவே விடவில்லை. "பாடிப் பாரு. முடியலன்னா டீய குடிச்சிட்டு ஊட்டுக்குப் போ" என்றார்.

எனக்கு ஒரு பழக்கம். அண்ணனின் இடது கை கிதாரில் எங்கே உட்காருகிறது என்று பார்த்துத்தான் குரலை எடுப்பேன். கை வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்தது. ஆரம்பித்தேன். சத்தம் முன்னைவிடக் கனமாக, தரையில் இழுத்துக்கொண்டு வருவதுபோல் இருந்தது. புது ஸ்பீக்கர் என்றார்கள். சங்கு ஊதுகிற இடம் வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏற்றினேன். அடியம்மா, மேலே போய்விட்டது! கழுத்து வலித்தது, ஆனால் எட்டிவிட்டேன். அருள்பிரகாஷ் குச்சியைத் தூக்கிப்போட்டு எழுந்து குதித்தான். நான் வீட்டையும் தாண்டி வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய், ஆள் உயரத்துக்கு ஒரு மெழுகுத்திரி ஏற்றி, அற்புதம் நடந்துவிட்டது என்று எங்கள் மூலக்குளம் முழுக்கத் தமுக்கு அடித்தேன்.

ஜூன் முதல் வாரம் கோயிலில் பாடற்குழுப் பயிற்சி. கல்லூரியில் படிக்கிற ஜாஸ்லின் கீபோர்டு வாசித்தாள். எடுத்த எடுப்பிலேயே என் குரல் கிழிந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எறக்கி வாசிக்கட்டுமாக்கா? பட்டன அமுக்குனா போதும்."

"எதுக்குடி எறக்கணும்? இதவிட மேல பாடுறவ நானு. கேளு!" என்று போனில் இருந்த எங்கள் போன வார ப்ராக்டிஸ் பதிவைப் போட்டேன். மூன்று கட்டையில் பாடுகிற பாட்டு என்று பெருமையாகவும் சொன்னேன். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது எங்கள் வழக்கம், எண் குறைந்தால் சுருதி கீழே என்று அர்த்தம். அவள் ஒற்றை விரலால் கீபோர்டில் தட்டித் தட்டித் தேடினாள்.

"அக்கா, இது மூணு இல்லக்கா. ஒன்றரைக் கட்ட."

அண்ணனின் கை அதே இடத்தில்தான் இருந்தது, அப்படியென்றால் கம்பியைத் தளர்த்தியிருக்கிறார்கள். மூன்று பேரும் கூட்டுக் களவாணிகள்.

மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடி போய்க் கம்பெனி கேட்டில் நின்றேன். ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்ததுமே டிபன் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினி நாளா நடக்குது?"

"நீ ஆஸ்பத்திரில வெறும் காத்தா பேசுனியே, அப்பவே கம்பிய மாத்திட்டேன். சும்மா தளத்துனா தொளதொளன்னு ஆயிடுது. தடி கம்பி போட்டாதான் நிக்குது."

விரல்களில் அவர் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்ததெல்லாம் அப்போதுதான் புரிந்தது. மெஷின் கிழித்துவிட்டது என்று சொல்லியிருந்தார்.

"நான் பாடவே முடியாமப் போயிருந்தா?"

"போவலையே."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னா? நான் என்னா கொழந்தையா? மாதா கோயில்ல மெழுகுத்திரில்லாம் ஏத்திட்டு வந்தனே!"

"அது நல்லதுதான?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா லினெட்டு?"

வந்திருக்க மாட்டேன். லினெட்டால் முடியவில்லை, அவளுக்காக இறக்கினார்கள் என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டிருந்தால்கூட அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். அதைச் சொல்லாமல், "மேல பாடுற பொண்ணுங்க எவ்ளோ பேரு இருக்காங்க, ஒருத்தியப் புடிக்கிறது" என்றேன்.

"பாடுவாங்க. எங்களுக்கு நீதான வோணும்."

கேட்டைத் தாண்டிப் போகிற ஜனமெல்லாம் வேடிக்கை பார்க்க நான் விக்கி விக்கி அழுதேன். பிறகு உண்மையைச் சொன்னேன். "ஒன்றரையிலயும் வலிக்குதுண்ணா. அந்த எடத்துல கழுத்த யாரோ புடிச்சி நெரிக்கிற மாதிரி இருக்குது. வெளிய சொல்லல."

அவர் முகம் செத்துப்போயிற்று. "அப்ப இன்னும் எறக்கிருவோம்."

"எறக்குறதா இருந்தா என் கண்ணு முன்னால எறக்குங்க. தெரியாம பண்ற வேலையே வேணாம்."

"சரி. இருபத்தொண்ணுக்கு வருவியா?"

"பாக்கலாம்" என்று வண்டியை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் ப்ராக்டிஸுக்குப் போகவில்லை. என் வலி அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, இனி எப்படி நடிப்பது? அங்கிருந்தும் யாரும் போன் செய்து நச்சரிக்கவில்லை.

இருபத்தொன்று சாயங்காலம் கடையில் இருக்கிறேன். தெருவுக்குத் தெரு சத்தம் கிளம்பிவிட்டது. ஒருவருக்கு மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன், பாதியில் கழற்றி மேஜையில் வைத்தேன். முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, ஏறக்குறைய ஓடினேன்.

தெருமுனையில் மூன்று பேரும் கருவிகளை வைத்துவிட்டுச் சும்மா நின்றிருந்தார்கள். மைக் மட்டும் நடுவில் இருந்தது. "வந்துட்டியா" என்றார் அண்ணன். எப்போதும் கிதார்தான் முதலில் ஆரம்பிக்கும். அன்று அவர் கம்பியைத் தொடவில்லை. "மொதல்ல நீ எடு. உனுக்கு எங்க வசதியோ அங்க வையி."

வலிக்காத இடத்தில் ஒரு சுரத்தை வைத்தேன். பேசுகிற குரலுக்குக் கொஞ்சம்தான் மேலே. அண்ணனும் இளம்பரிதியும் அங்கேயே, என் கண்ணுக்கு முன்னால், தலையைக் குனிந்து கம்பி முறுக்காணிகளைத் திருக ஆரம்பித்தார்கள். நேரம் போனது. கூட்டத்தில் ஒருத்தன், "யப்பா, இதெல்லாம் ஊட்லயே பண்ணிட்டு வரமாட்டீங்களா?" என்றான். சிரிப்பு எழுந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். சட்டென்று மைக்கில் குனிந்து, "கம்பி கொஞ்சம் மக்கர் பண்ணுது, மன்னிச்சிக்கங்க" என்றார். பாவி மனுஷன், அப்போதும் என்னை மறைக்கிறார்.

மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"கம்பிக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆப்பரேஷன் ஆயி எனக்குத்தான் கொரலு எறங்கிப்போச்சு. எனக்காக எறக்குறாங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

கேலி பேசியவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கடைசிக் கம்பியும் வந்து சேர்ந்ததும் அண்ணன் நிமிர்ந்து சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போவலாமா?"

"போலாம்ணா" என்றேன்.