மேரி சேர்த்த நம்பர்கள்

மண்சரிவு அபாயம் வந்தால், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு சின்ன செயலி செய்திருந்தோம். ஹட்டனில் இருந்து நானும், நோர்வூட்டில் இருந்து மேரியும் எழுதினோம். ஒரே கோப்புகளை இருவரும் தனித்தனியாகத் திருத்திவிட்டுப் பிறகு இணைப்போம். வெவ்வேறு இடங்களைத் திருத்தியிருந்தால் இணைக்கும் மென்பொருளே சேர்த்துவிடும். ஒரே வரியில் இருவரும் கை வைத்திருந்தால் மட்டும் நின்று, எது வேண்டும் என்று கேட்கும்.

அன்று காலை தொலைபேசி எண்கள் இருந்த கோப்பில் அப்படி நின்றது. நான் எண்களுக்கு முன்னால் நாட்டுக் குறியீட்டைச் சேர்த்திருந்தேன். அவளும் அதே வரிகளை மாற்றியிருந்தாள். மழை வலுத்துக்கொண்டிருந்தது. அவள் எழுதியதைப் படிக்காமலே என்னுடையதை வைத்துக்கொண்டேன்.

பகலில் எச்சரிக்கை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் மேரி போன் பண்ணினாள்.

"அண்ணே, கீழ் லயத்துல ஒருத்தருக்கும் மெசேஜ் வரலையாம். நேத்து வீடு வீடாப் போய் வாங்குன புது நம்பரெல்லாம் போட்டேனே, எங்க?"

உடனே கோப்பின் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். நல்லவேளை, பழைய திருத்தங்கள் அழியாமல் இருந்தன. அவள் எண்களை மீட்டு, எச்சரிக்கையை மறுபடி அனுப்பினேன். கீழ் லயத்து ஆட்கள் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறிப் போனார்கள். அந்தியில் பின்பக்க மேடு சரிந்து நான்கு வீடுகளின் சமையல் குசினிகளை மூடியது. உள்ளே யாரும் இல்லை.

மேரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"கம்ப்யூட்டரே நின்னு கேட்டுச்சே. நீங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ண்ணே," என்றாள்.

அவசரத்தில் நடந்தது என்றுதான் அவள் இன்றும் நம்புகிறாள். அவளைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்ற நினைப்பில் செய்தேன் என்பதை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.