உப்பளத்துச் சிவப்புப் பூச்சிகள்

வண்ணமீன் கடை வைத்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: பெரிய மீன் எதைப் போட்டாலும் தின்னும், குஞ்சு, உயிரோடு அசைகிறதைத்தான் தின்னும்.

பட்டினி

பம்மலில் என் கடை. ஏஞ்சல் மீன் இரண்டு முறை குஞ்சு பொரித்து, இரண்டு முறையும் ஒரு வாரத்தில் எல்லாம் போயிற்று. பொடித்த தீவனத்தை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை பொரித்த அன்று என் மனைவி தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "இதுங்களும் செத்துச்சுன்னா கடையை மூடிட்டு இட்லி மாவு விப்போம். மாவு பட்டினியால சாகாது."

கேளம்பாக்கம்

உப்பளத்தில் உயிருள்ள இரை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, நம்பாமல்தான் பஸ் ஏறினேன். பாத்தித் தண்ணீரை நாக்கில் வைத்தேன், நாக்கு சுருண்டது. இதில் எது பிழைக்கும்? குனிந்து பார்த்தால் தண்ணீரே நெளிகிறது! சிவப்பாக, மல்லாந்து நீந்தும் பூச்சிகள். பெரியது அரிசி அளவு, குட்டிகள் ஊசிமுனை அளவு.

உலகத்துக்கே நான்தான் கண்டுபிடித்த மாதிரி, உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாளைக் கூவி அழைத்தேன். அவர் பலகையைக் கீழே வைக்கவில்லை. "அது எப்பவும் இங்கதான் கீது சார். நீதான் இன்னிக்கி வந்துகீற."

டிக்கெட்

திரும்பும்போது கண்டக்டர், பூச்சிகளை அள்ளிய என் கேனை முறைத்தார். உள்ளே உயிர் இருக்கிறது, ஆட்டாதீர்கள் என்றேன். "உசுரு இருந்தா டிக்கெட் எடுக்கணும் சார். எத்தினி பேரு உள்ள?"

நல்ல தண்ணீர்

கேனை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தேன். அதற்குள் என் மனைவி பூச்சிகளைத் துணியில் வடிகட்டி, லாரியில் பிடித்த நல்ல தண்ணீர் ஒரு குடம் விட்டிருந்தாள். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. விருந்தாளிக்குத்தான் அந்தக் குடம். சாயங்காலத்துக்குள் பூச்சிகள் எல்லாம் அடியில் படுத்துவிட்டன. தொட்டியில் குஞ்சுகள் இன்னும் பட்டினி. அவள் முகம் சுருங்கிவிட்டது. "உப்புல தவிக்குதேன்னு ஊத்தினேங்க. நல்ல தண்ணி ஒத்துக்காத ஜன்மமும் உண்டா?"

ஆரஞ்சு வயிறு

மறுநாள் முதல் பஸ். இந்த முறை உப்புத் தண்ணீரிலேயே வைத்து, குட்டிகளை மட்டும் வடிகட்டி, அவளே கரண்டியால் விட்டாள். அரை மணியில் குஞ்சுகளின் வயிறெல்லாம் ஆரஞ்சு நிறம். வாரம் தாண்டியும் ஒன்றும் மிதக்கவில்லை.

பூச்சியின் பெருமையைப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரிடம் அளந்தேன். கொடும் உப்பிலும் பிழைக்கிறதே! அவர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முப்பது வருசமா நம்ம போர் தண்ணியில நாங்களுந்தான் உசுரோட கீறோம். எங்களைப் பாக்க எவனாவது பஸ் ஏறி வந்தானா?"

அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. உப்புத் தண்ணீர் புண்ணியத்தில், எனக்கு மாவு அரைக்கிற வேலை மட்டும் இன்னும் வரவில்லை.