சுகுணா கேட்ட ‘சரிங்க’

பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். நம் சட்ட உதவி மையத்துக்கு வந்த செல்வியின் வழக்கில் சமரசப் பேச்சுக்குப் பதினோரு நாள் பாக்கி இருந்தது. நம் வகுப்புச் சுகுணாவின் தம்பி அழைத்தான். “அண்ணா, அக்கா போயிருச்சுங்க” என்றான். “எங்கே?” என்று கேட்டேன். காய்ச்சல் இறங்கி ஆஸ்பத்திரியிலிருந்து பல்லடம் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். அவன் அழுத பிறகே புரிந்தது. டெங்கு. இருபத்தேழு வயது.

முதலில் எனக்கு வந்தது துக்கம் அல்ல, பயம். செல்வியிடம் இனி யார் பேசுவது?

கல்லூரியில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவளை அமைதியானவர், பணிவானவர் என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். அவள் பேச்சில் எல்லா வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ இருந்ததால் ஏமாந்துவிட்டீர்கள். அவ்வளவு மரியாதையாகச் சண்டை போடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. மூன்று வருடம் அவளோடு சண்டை போட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதல் சண்டை முதலாம் ஆண்டில். நான் மென்பொருள் வேலையை விட்டுச் சட்டம் படிக்க வந்தவன். ஆப்களும் கேமராக்களும் சாதாரண மக்களை என்ன செய்கின்றன என்று நீதிமன்றத்தில் கேட்கும் வக்கீல் ஆக வேண்டும் என்பது திட்டம். வகுப்புக்காக ஒரு மாதிரித் திரை செய்திருந்தேன். மக்களின் தகவலை எடுக்கும் முன் அனுமதி கேட்கும் திரை. இரண்டே பொத்தான்கள்: சம்மதம், சம்மதமில்லை. இதைவிட நேர்மையாகச் செய்ய முடியாது என்று பெருமையாகச் சொன்னேன்.

பின் வரிசையிலிருந்து சுகுணா கேட்டாள்: “ஏனுங்க என்ஜினியர், அந்த ரெண்டாவது பட்டன யாருங்க அமுக்குவாங்க?”

“வேண்டாம் என்கிறவர்கள்.”

“வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவங்கள எங்க பக்கம் நான் பாத்ததே இல்லீங்க. ஒருவேள ஆர்.எஸ்.புரத்துல இருப்பாங்களோ என்னமோ.”

வசதிக்காரர்கள் வாழும் ஆர்.எஸ்.புரத்தில்தான் என் வீடு என்பது வகுப்புக்கே தெரியும். எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குக் கோபம்.

வகுப்பு முடிந்ததும் அவளே வந்தாள். சட்டத்துக்கு வருமுன் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில், பதிவான அழைப்புகளைக் கேட்டுச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. ஊழியர் காலர் டியூன் பாட்டு வைப்பதைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்வார், மறுமுனையில் ஒருவர் “சரிங்க” என்பார், பாட்டு ஏறிவிடும். மறுமாதம் அதே ஆள் கொதித்துப்போய்க் கூப்பிடுவார். “நீங்க பேசுனீங்க, நான் சரின்னேன். அதுக்குப் பாட்டு வெச்சுப்போடுவீங்களா?” ஒருவர் வீட்டில் சாவு. துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் குத்துப்பாட்டு கேட்டது.

“எங்கூர்ல சரிங்கன்னா, நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுன்னு அர்த்தம். ‘பாக்கலாங்க’ன்னா வேண்டாம்னு அர்த்தம். இது தெரியாம நீங்க சட்டம் படிச்சு என்னத்தப் பண்ணுவீங்க?”

செல்வியை நம்மில் சிலர்தான் பார்த்திருக்கிறோம். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில் தங்கி வேலை செய்தவர். வருகைப் பதிவுக்காக எல்லாப் பெண்களின் கைப்பேசியிலும் ஆலை ஓர் ஆப் போட்டிருந்தது. காலையில் முகத்தைக் காட்ட வேண்டும். ஆள் எங்கே இருக்கிறார் என்பதையும் அது எடுத்துக்கொள்ளும். வார விடுமுறையில் செல்வி, யாரிடமும் சொல்லாமல், கூடுதல் நேரக் கூலி பற்றிக் கேட்கத் தொழிலாளர் அலுவலகம் போனார். மறுநாள் சூப்பர்வைசர் கேட்டார்: “லேபர் ஆபீசுல உனக்கென்ன அம்மணி வேல?” அந்த வாரமே வேலை போயிற்று.

நம் சட்ட உதவி மையத்தில் இதைச் சொல்லும்போது செல்வி அழுதார். “விடுதில நாங்க அத ஆப்புன்னுதாங்க சொல்லுவோம்” என்றார்.

“பேரு பொருத்தமாத்தானுங்க வெச்சிருக்கீங்க” என்றாள் சுகுணா. அழுதுகொண்டிருந்த செல்வி சிரித்துவிட்டார்.

முதல் சமரசப் பேச்சில் ஆலை ஒலிப்பதிவுகளைக் கொண்டுவந்து வைத்தது. ஆப் போடும்போது ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்டுப் பதிவு செய்ததாம். எல்லாரும் “சரிங்க” என்றிருந்தார்கள். செல்வியும். நமக்காக வாதாடும் வக்கீல் அம்மாவின் முகம் வாடிவிட்டது. “சம்மதம் இருக்கிறது. இந்த வாதம் முடிந்தது. வேறு வழி பார்ப்போம்” என்று நானும் சொன்னேன். தகவல் எந்த சர்வருக்குப் போகிறது, எவ்வளவு நாள் இருக்கிறது என்று துருவலாம் என்பது என் யோசனை.

சுகுணா ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதவை நிறைய: எங்கேயும் நேரத்துக்கு வரமாட்டாள், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யமாட்டாள், என் சாப்பாட்டில் பாதியைக் கேட்காமல் எடுப்பாள். ஆனால் கேட்க உட்கார்ந்தால் அசையமாட்டாள். சாயங்காலம் ஹெட்போனை என் தலையில் மாட்டினாள். செல்வியின் பதிவு.

சூப்பர்வைசர் குரல்: “சம்மதம் இல்லீன்னா இப்பவே சொல்லிப்போடு அம்மணி.”

செல்வி: “சரிங்க.”

பதிவு அங்கேயே முடிந்தது.

“இப்பச் சொல்லுங்க என்ஜினியர். என்னத்துக்குங்க சரின்னா? சொல்றேன்னுதான அந்தப் புள்ள சரின்னிருக்கா? சொல்ல உட்டாங்களா? அதுக்குள்ளயே ஆஃப் பண்ணிப்போட்டாங்க.”

சம்மதம் என்பது கட்டாயமின்றி, ஐயத்துக்கு இடமின்றி இருக்க வேண்டும் என்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த வரியை எத்தனையோ முறை எழுதிக்காட்டி மதிப்பெண் வாங்கியவன் நான். அது காதுக்கு எப்படிக் கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு தினமும் ஒத்திகை. ஆலைத் தரப்பாக அவள் பேசுவாள், செல்விக்காக என்னைப் பேசவிடுவாள். நான் வேகமாகப் பேசுவேன், குரலை உயர்த்துவேன். “டெல்லில இதெல்லாம் எடுபடுங்க. இங்க அந்தப் புள்ள பயந்துக்கும்” என்பாள். படிப்பு முடிந்ததும் டெல்லியில் ஓர் அமைப்பில் சேர நான் விண்ணப்பித்திருந்தது அவளுக்குத் தெரியும். ஒருநாள் ஆலையை நான் கண்டபடி திட்டியபோது சொன்னாள்: “கோவம் உங்களுதுங்க. போறது அவ வேல.”

அவள் காய்ச்சலில் படுத்த மூன்றாம் நாள் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. செல்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், புகாரைத் திரும்பப் பெற வேண்டும், ஆப்புக்குப் புதிதாக எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பேச்சு நடக்கும் நாளில், அதே மேசையில் கையெழுத்து. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

“கையெழுத்துப் போடக்கூடாதுன்னு செல்விகிட்ட சொல்லிவிடட்டுமா?” என்றேன். “இப்போது விட்டால் விடுதியில் இருக்கிற எல்லாருக்கும் போச்சு.”

டிரிப்ஸ் ஏறும் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. “நீங்க சொன்னீங்கன்னா அதுக்கும் சரிங்கன்னுதாங்க சொல்லுவா. அப்புறம் உங்களுக்கும் அந்த சூப்பர்வைசருக்கும் என்னங்க வித்தியாசம்? அவளுக்கு எது வேண்டாம்னு கேளுங்க. கேட்டுப்போட்டு, வாய மூடிட்டு இருங்க.”

அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது இது. உருக்கமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பல்லடம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் செல்வியைச் சந்தித்தேன். கடிதத்தில் இருப்பதைப் படித்துச் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகலாம், இரண்டையும் சொன்னேன். “இதுல உங்களுக்கு எது வேண்டாம்?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன்.

டீயில் ஆடை படிந்தது. வெளியே திருப்பூர் பஸ் ஒன்று நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. சட்டம் உங்கள் பக்கம், பயப்படாதீர்கள், சுகுணா இருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்றெல்லாம் நாக்கின் நுனிவரை வந்தது. அவற்றில் கடைசியாக வந்ததுதான் மிகப் பெரிய பொய். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“வேல வேணுங்க” என்றார் செல்வி. பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார். “ஆப்பு வேண்டாங்க.”

நானும் வக்கீல் அம்மாவும் கையெழுத்தா, வழக்கா என்று இரண்டே பொத்தான்களை வைத்துக்கொண்டு முட்டி மோதிக்கொண்டிருந்தோம். இது மூன்றாவது. கேட்டிருக்காவிட்டால் வந்திருக்காது.

சுகுணாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கேட்ட பிறகு காத்திருக்கிற அந்தப் பழக்கம் மட்டும்தான். அது இன்னும் எனக்குச் சரியாகப் படியவில்லை. பேச்சு வரும் திங்கட்கிழமை. செய்ய இருப்பவை:

1. ஆலையின் கடிதத்துக்குப் பதில் எழுதி வக்கீல் அம்மாவிடம் கொடுப்பேன். முதல் வரி செல்வியின் வார்த்தையிலேயே இருக்கும்: வேலை வேண்டும், ஆப் வேண்டாம். சட்டப் பிரிவுகள் அதற்குக் கீழே வரட்டும்.

2. வெட்டாத மூலப் பதிவைக் கேட்போம். அந்தச் “சரிங்க”வுக்குப் பிறகு செல்வி என்ன சொன்னார் என்பதை ஆலை காட்டட்டும்.

3. முகமும் இருப்பிடமும் கேட்காமல் வருகை பதிய என்ன வழி என்று ஒரே பக்கத்தில் எழுதித் தருவேன். இது எனக்குத் தெரிந்த வேலை.

4. டெல்லிக்கு வரவில்லை என்று எழுதிவிடுவேன். கடைசிப் பருவத் தேர்வை முடித்து, வக்கீலாகப் பதிந்து, இங்கேயே இருப்பேன்.

5. திங்கட்கிழமை அந்த மேசையில் செல்வி மனம் மாறிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றால், எது வேண்டாம் என்று ஒருமுறை மட்டும் கேட்பேன். காத்திருப்பேன். அப்போதும் அதையே சொன்னால், என் பேனாவைக் கொடுப்பேன்.