உயிர் வந்துடுச்சா, சிஸ்டர்?

பிரசவ வார்டில் நர்ஸ் வேலை என்பது பாதி நேரம் ரத்தம் துடைப்பது, மீதி நேரம் யாருக்கும் விடை தெரியாத கேள்விக்குப் பதில் சொல்வது. எழுபதுகளில் கருவைக் கலைக்கச் சட்டம் இடம் கொடுத்த பிறகு, ஆரணியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வி ஓயவே இல்லை: வயிற்றில் இருப்பதற்கு உயிர் எப்போது வருகிறது? நீங்களும் நாள் முழுக்க நின்றே சம்பாதிக்கிறவர் என்றால், அதை நான் எந்த அலுப்போடு கேட்டிருப்பேன் என்று விளக்க வேண்டியதில்லை.

வாத்தியார் எடுத்த பாடம்

அறிவியல் வாத்தியார் ஒருவர் மனைவியை அழைத்து வந்தார். வீட்டில் இருக்கும் குழந்தைக்கே இன்னும் பால்குடி மறக்கவில்லை, அதனால் இதைக் கலைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. "இப்ப அது வெறும் செல்லுங்க. அஞ்சாம் மாசம் புரண்டாத்தான் உயிர்" என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். "தரிச்ச அன்னைக்கே உயிருதான் சார்" என்று ஒரு கிழவர் மல்லுக்கு நின்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து சத்தம் போட்டது.

அந்த அம்மா சுவரோரம் குந்தி, நான் கொடுத்த பேசினில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா உள்ளே அழைத்துத் தனியாகக் கேட்டபோது பெற்றுக்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள். ஆனால் அதற்கு முன்னால், வாயை முந்தானையில் துடைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னது இது: "அதுக்கு உயிர் வந்துச்சா இல்லையான்னு நீ பேசிகினே இரு. இங்க என் உயிரு போய்கினு இருக்குது."

சேவூர்க்காரர்

சேவூரில் தறி நெய்கிறவர். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து மனைவிக்கு உண்டான கரு நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அவர் என்னிடம் வந்து, அடக்கம் பண்ண வேண்டும், கொடுங்கள் என்று கேட்டார். அந்த மாதிரி யாரும் கேட்டதில்லை. நான் டாக்டரிடம் போய் நின்றேன். அவர் புதிதாக வந்த இளைஞர், நல்லவர்.

"இது இன்னும் குழந்தையே ஆகலைங்க, கருதான். மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. அடுத்தது நல்லபடியா நிக்கும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சுத்தமான துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். சேவூர்க்காரர் இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். கோபமே இல்லாத குரலில் டாக்டரிடம் சொன்னார்: "நீங்க இன்னா பேரு வேணா சொல்லுங்க சார். நாங்க அதுக்கு ஒரு பேரு வெச்சிட்டோம்."

பிலோமினா

பிலோமினா என்னோடு வேலை பார்த்த நர்ஸ். தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். கருக்கலைப்பு என்றால் ஆபரேஷன் தியேட்டருக்குள் கால் வைக்கமாட்டாள். "அது கொலைதான்கா" என்பாள். அதனால் அந்த வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. எனக்குப் பேஜார்தான். ஆனால் அவளோடு சண்டை போடத் தெம்பு இருந்ததில்லை. எது சரி என்று எனக்கும் நிச்சயமில்லை.

ஒருநாள் போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அவள் அம்மா பஸ்ஸில் கொண்டுவந்தாள். கல்யாணமாகாத பெண். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று ஊரிலேயே ஒருத்தியிடம் எருக்கங்குச்சி வைத்துக் கலைத்திருக்கிறார்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பிலோமினா டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தாள், ஜெபம் சொன்னாள், கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். மறுநாள் மதியம் அந்தப் பெண் இறந்துபோனாள்.

பிணத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு வந்து, குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நான் இனிமேலும் தியேட்டருக்குள்ள வரமாட்டேன்கா. ஆனா இந்தப் பொண்ணு மொதல்லயே உங்ககிட்ட வந்திருக்கக் கூடாதான்னு மனசு அடிச்சிக்குது."

உயிர் எப்போது தொடங்குகிறது என்று அந்த வார்டில் ஆளாளுக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்; நான் எப்போது கொஞ்சம் உட்காரலாம் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.