அமலி தூக்கிய கை

வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுத வந்த வாத்தியார், வாசலில் நின்றபடி கேட்டார்.

"எங்கம்மா பொறந்தீங்க?"

"சிலோன்ல சார். அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்துல" என்றாள் அமலி.

வாத்தியார் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். "பாஸ்போர்ட்டு, குடியுரிமைன்னு ஏதாவது காகிதம் இருக்கா?"

அமலி உள்ளே போய், துணி சுற்றி வைத்திருந்த ஞானஸ்நான சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். வாத்தியார் அதைப் பக்குவமாக வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது மேலோகத்துக்குச் செல்லும்மா. எலெக்‌ஷனுக்குச் செல்லாது."

அமலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் புருஷன் ஆசீர்வாதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியார் தலை மறைந்ததும் கத்தினான். "மன்னார்குடின்னு சொல்லியிருந்தா எழுதிட்டுப் போயிருப்பாரு. யாரு போய்ப் பார்க்கப் போறா?"

"பொறந்த எடத்தைக்கூடவா பொய் சொல்றது?"

1970ஆம் வருஷம் அது. அமலி பூவாளக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறித் தோட்டத்துக்குப் போனவர். அங்கே மூன்று தலைமுறை கொழுந்து பறித்தும் "நீங்கள் இந்தியாக்காரர்கள்" என்றது அந்த ஊர்ச் சர்க்கார். சொந்தத்தில் பெண் கொடுத்து இங்கே அனுப்பினால், "நீ சிலோன்காரி" என்றது இந்த ஊர்ப் பட்டியல். அமலி இதை ஒரு வேடிக்கையைப் போலத்தான் எல்லாரிடமும் சொல்வாள்.

வந்த புதிதில் நடவுக்குப் போன முதல் நாளே சேற்றில் முகம் குப்புற விழுந்தாள். மலையில் நின்று பழகிய காலுக்குச் சேறு பிடிபடவில்லை. கூட நட்ட பெண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வயல் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. அவளும் சேறு வழியச் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கே அவளை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கொழுந்து கிள்ளிய விரல்கள் நாற்றுக்குப் பழக அதிக நாள் ஆகவில்லை. மூன்றாம் வருஷத்திலிருந்து வரிசையின் முதல் ஆளாக அவள்தான் நட்டுக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் குறுவை நன்றாக விளைந்திருந்தது. அறுவடைக் கூலியில் கலத்துக்கு அரைப்படி நெல் கூட்டிக் கேட்டது விவசாயத் தொழிலாளர் சங்கம். பண்ணையார் முடியாது என்றார். வெளியூர் ஆளை இறக்குவேன் என்றார். சுற்று வட்டாரத்தில் எங்கே பார்த்தாலும் இதே தகராறு. சாலையில் போலீஸ் வேன் போய்க்கொண்டே இருந்த காலம்.

அறுப்புக்குப் போவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்ய மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த களத்தில் சங்கத்தார் சாயங்காலம் கூடினார்கள். ஆணும் பெண்ணுமாக நாற்பத்தாறு பேர். சங்கத் தலைவர் கோவிந்தராசு, "கை தூக்கச் சொல்லி எண்ணிடுவோம்" என்றதும் வீரையன் எழுந்தார். நடவுக் காலத்துக் கூலிப் போராட்டங்களில் இரண்டு முறை ஜெயிலுக்குப் போய்வந்தவர். அவர் பேச்சுக்கு ஊரில் மரியாதை உண்டு.

"ஒரு விஷயம் தலைவரே. அமலி கையை எண்ண வேண்டாம்."

எல்லாரும் அமலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது மேல எனக்குக் கோபமில்லை. அது இந்த நாட்டுப் பிரஜை இல்லை. சிலோன்காரி ஓட்டுப் போட்டு ஆரம்பிச்ச வேலைநிறுத்தம்னு பண்ணையார் பெட்டிஷன் போடுவாரு. போலீசு எங்களைப் புடிச்சா பத்து நாள்ல விட்டுடுவான். இதைப் புடிச்சா கப்பல்ல ஏத்திடுவான். ரெண்டு புள்ளைங்க இருக்கு."

பல பேர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அமலிக்கும் அது தெரிந்தது. ஆனாலும் எழுந்தாள்.

"அண்ணே, என்னைக் காப்பாத்தத்தான் சொல்றீங்க, தெரியுது. ஆனா கூலி குறைஞ்சா எனக்கு மட்டும் சிலோன்லேர்ந்து அரிசி வருமா? வேலை நின்னா என் வீட்டு அடுப்பும்தானே அணையும்? சந்தா வாங்கறப்ப யாரும் எங்க பொறந்தேன்னு கேக்கலையே."

"அதானே!" என்றாள் பின்னாலிருந்து காத்தாயி. அமலியோடு வரிசையில் நடுகிறவள்.

கோவிந்தராசு யோசித்தார். "சரி, அமலி கையை எண்ணலாமா வேண்டாமாங்கறதுக்கே கை தூக்குங்க."

"அதுக்கு அமலி தூக்கலாமா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வீரையனும் சிரித்தார்.

"நான் தூக்கலை. என் விஷயத்தை நீங்க முடிவு பண்ணுங்க" என்று அமலி கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

எண்ணலாம் என்று இருபத்தொன்பது பேர் தூக்கினார்கள். பிறகு வேலைநிறுத்தத்துக்கு வந்தார்கள். நிறுத்தலாம் என்று முப்பத்துநாலு கை எழுந்தது. அமலியின் கை அதில் இல்லை. "வேண்டாம், இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம்" என்ற பன்னிரண்டு கைகளில் அது இருந்தது. தோட்டத்தில் வேலைநிறுத்தம் தோற்றதும், நிர்வாகம் லயத்து வரிசை வீட்டைப் பூட்டி அப்பாவை மழையில் நிறுத்தியதை அவள் பார்த்திருந்தாள். அந்தப் பயம்.

"இதுக்கா இம்மாம் சண்டை போட்டே?" என்று காத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"தோத்தா என்ன? பன்னெண்டுன்னு எழுதச் சொல்லு. பதினொன்னுன்னு எழுதிடப் போறாங்க" என்றாள் அமலி.

மறுநாள் யாரும் வயலில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பண்ணையின் காரியக்காரர் பஞ்சநதம் அமலியின் வீட்டுக்கு வந்தார். களத்தில் நடந்தது அவர் காதுக்குப் போயிருந்தது.

"நீதான் நிறுத்த வேண்டாம்னு கை தூக்கினியாமே. புத்தியுள்ளவ. உன்னைப் போல பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு வா. உனக்கு ஒரு கஷ்டமும் வராம பார்த்துக்கறோம்."

ஆசீர்வாதம் மனைவியைப் பார்த்தான். வீட்டில் அரிசி குறைந்துகொண்டு வந்தது.

"என் கையை எண்ண வேண்டாம்னு விட்டிருந்தாங்கன்னா வந்திருப்பேனோ என்னவோங்க" என்றாள் அமலி. "எண்ணிட்டாங்க. எண்ணிப் பார்த்துதான் முடிவு பண்ணினாங்க. இப்ப நான் எப்படி வர்றது?"

பஞ்சநதத்துக்கு அது புரியவில்லை. கப்பல், போலீஸ் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். பெட்டிஷன் எதுவும் வரவில்லை. ஐந்தாம் நாள் மேற்கே மேகம் திரண்டது. கதிர் தலை சாய்ந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் அரைப்படிக்குச் சம்மதம் என்று பண்ணையார் சொல்லியனுப்பினார். அமலி ஓடிப்போய் வீரையனிடம், "நான் தப்பாத் தூக்கிட்டேண்ணே!" என்றாள். அன்றைக்கு எல்லாரையும்விட அவளுக்குத்தான் சந்தோஷம் அதிகம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த வருஷத் தேர்தலுக்கு ஆசீர்வாதம் மட்டும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான். இந்தியக் குடிமகனின் மனைவி என்று மனுப் போடலாம் என யாரோ சொல்ல, கோவிந்தராசு அவளைத் தஞ்சாவூர்க் கலெக்டர் ஆபீசுக்கு அழைத்துப் போனார். ஒரு தடவை போட்டோ சிறிசாக இருந்தது, ஒரு தடவை கல்யாண சர்டிபிகேட் கேட்டார்கள், ஒரு தடவை ஃபைலையே காணோம். ஐந்து வருஷம் கழித்து வந்தது குடியுரிமை.

1977இல் அமலி முதன்முதலாக ஓட்டுச் சாவடிக்குப் போனாள். திருவிழாவுக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று புருஷனும் அவளும் ஓட்டுப் போட்டுவிட்டு வரப்பில் நடந்து வரும்போதுதான், ஆளுக்கொரு சின்னத்தில் குத்தியிருக்கிறார்கள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது.

ஆசீர்வாதம் நின்றுவிட்டான். "அப்ப உன் ஓட்டும் என் ஓட்டும் சரியாப் போச்சு. ரெண்டு பேருமே வீட்டுல படுத்திருக்கலாமே!"

"நீங்க படுத்திருக்கலாம்" என்றாள் அமலி.