மாமன் மடி

என் மகளுக்குக் காது குத்த வேண்டும். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் என்றால் என் தம்பி. என்னோடு கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

தம்பி தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். ஒரு நாள் பெருங்களத்தூர் சிக்னலில் ஆட்டோவை அப்படியே விட்டு இறங்கி நடந்தான். யாரோ பேசிக்கொண்டே பின்னால் வருகிறார்கள் என்றான். யாரும் வரவில்லை. அதன் பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை. இப்போது ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறான். அப்பா அம்மா இல்லை. வேறு எங்கே போவான்.

நான் எட்டாவது வரை படித்தேன். அபார்ட்மெண்டில் வீட்டு வேலை. டாக்டர்கள் சொல்லும் நோயின் பேர் என் வாயில் நுழையாது. மாத்திரை போட்டால் நன்றாக இருக்கிறான், விட்டால் இல்லை. அது தெரியும்.

மாமியாருக்கு அவனிடம் பயம். கெட்டவர் இல்லை, பயம்தான். ராத்திரி படுக்கப் போகும்போது அரிவாள்மணையை எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைப்பார். காலையில் எடுத்து வந்து காய் நறுக்குவார். தம்பி யாரையும் அடித்ததில்லை.

காதுகுத்துக்கு நாள் குறித்த அன்றைக்கே மாமியார் ஆரம்பித்தார்.

“உங்க பெரியப்பா பையன் மடில வெச்சிக்கட்டும். அவனும் மாமன்தானே.”

“தம்பி இருக்கான் அத்த.”

“இருக்கான். எப்போ இன்னா பண்ணுவான்னு உனக்குத் தெரியுமா? அத்தினி பேர் நடுவுல புள்ளையத் தூக்கிப் போட்டான்னா?”

என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தபடி, “அம்மா சொல்றதும் சரிதானே” என்றார்.

“என் தம்பி மடிலதான்” என்றேன். போய்ச் சோறு வடித்தேன்.

தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாம் கேட்டிருக்கிறான். மறுநாள் துணி காயப்போடும்போது பின்னால் வந்து நின்றான்.

“அக்கா, கையப் பாரு.”

நீட்டினான். விரல் ஆடியது. கொஞ்ச நாளாகவே டீ டம்ளரை இரண்டு கையால் பிடித்துத்தான் குடிக்கிறான்.

“மாத்திரையாலதான் ஆடுது. விசேஷத்துக்கு முன்னாடி கொஞ்ச நாள் விட்டுடறேன். கை நின்னுடும். அத்தையும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“விட்டா இன்னா ஆவும்?”

வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிந்தான். முன்பு ஒரு தடவை விட்டான். அப்போது அவனைத் தேடிப் பிடித்தது செங்கல்பட்டு ஸ்டேஷனில்.

“மாத்திரையும் விடக் கூடாது, மடியும் விடக் கூடாது. கெளம்பு, டாக்டரக் கேப்போம்.”

ஆஸ்பத்திரியில் எப்போதும் நான் வெளியே பெஞ்சில் உட்காருவேன். அவன் உள்ளே போவான், “நல்லா இருக்கேன் சார்” என்பான், மருந்துச் சீட்டோடு வருவான். அன்றைக்கு நானும் கூடவே உள்ளே போய் நின்றேன்.

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்றார் டாக்டர்.

“பேசணும் சார். சோறு போடறது நான்தான். மாத்திரை எடுத்துத் தர்றதும் நான்தான்.”

டாக்டர் தம்பியிடம் கேட்டார். “அக்கா இருக்கலாமா? உங்க விஷயம்தான் பேசுவோம். உங்களுக்குச் சம்மதமா?”

“இருக்கட்டும் சார். அனுப்பினாலும் அது போவாது.”

எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

கை ஆடுவதைச் சொன்னேன். மாத்திரையை விடப் பார்க்கிறான் என்பதையும் சொன்னேன். தம்பி முறைத்தான். முறைக்கட்டும். டாக்டர் அவன் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இந்த மாத்திரையில் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். அளவை மாற்றி எழுதினார். “நீங்களா நிறுத்தாதீங்க. ஆட்டம் குறையும். சுத்தமா போயிடும்னு சொல்ல மாட்டேன்.” அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்து அறையில் ஒரு மேடம். நோயாளியின் வீட்டு ஆட்களோடு பேசுவதுதான் அவர் வேலை. அப்படி ஒருவர் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காதுகுத்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

“வீட்டுல பயப்படறது யாரு?”

“மாமியார்.”

“அப்ப அவங்கதான் வரணும். வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க.”

மாமியார் லேசில் மசியவில்லை. “பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு நான் எதுக்குடி?” என்றார். வரவில்லை என்றால் உங்களைக் கேட்காமலே எல்லாம் நடக்கும் என்றேன். வந்தார். ரயிலில் என் காதில், “யாராச்சும் கேட்டா கண்ணு ஆஸ்பத்திரின்னு சொல்லு” என்றார்.

தம்பியும் கூட இருந்தான். மேடம் முதலில் மாமியாரிடம்தான் கேட்டார். “உங்களுக்கு என்ன பயம்மா? அவரை வெச்சிக்கிட்டே சொல்லலாம்.”

மாமியார் சுவரைப் பார்த்தார். “தனியா பேசிக்கினு இருப்பான். திடீர்னு இன்னா பண்ணுவானோன்னு…”

தம்பி குறுக்கே பேசினான். “அத்த, அரிவாள்மணைய கட்டிலுக்கு அடில வெக்காதீங்க.”

மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார்.

“அது எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். காலைல குனிஞ்சு எடுக்க முடியாம முட்டியப் புடிச்சுக்கினு கத்தறீங்க. பாவமா கீது.”

“தெரிஞ்சும் நீ எடுக்கலியா?”

“எனக்கு இன்னாத்துக்கு? நான் காய் நறுக்கவா போறேன்?”

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாருக்கு வரவில்லை.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். “எனக்கும் பயம்தான் அத்த. கை ஆடுது. புள்ளைய கீழ வுட்டுடுவேனோன்னு.”

இதை அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

மேடம் நிறையச் சொன்னார். தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், மாத்திரை வேண்டாம் என்று அடம் பிடித்தால் உடனே வர வேண்டும். மாமியார் கேட்டுக்கொண்டார். திரும்பும்போது தாம்பரம் பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நிற்கையில் தானாகவே பேசினார்.

“செவுத்துல சாஞ்சு ஒக்காரட்டும். புள்ள தலைய நான் புடிச்சுக்கறேன். குத்தறப்போ புள்ள எகிறும். ஒருத்தனால முடியாது. எவனாலயும் முடியாது.”

குலதெய்வம் கோயில் கூடுவாஞ்சேரி தாண்டி. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பெரியப்பா மகன் புதுச் சட்டையோடு பாய் ஓரமாக நின்றான். யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் அவனைத் தாண்டிப் போய் மகளைத் தம்பி மடியில் வைத்தேன்.

அவன் கை ஆடியது, முன்னைவிடக் கம்மியாக. இரண்டு கையையும் கோத்துக் குழந்தையை வயிற்றோடு அணைத்துக்கொண்டான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்தார்.

“கை ஆடுதே…” என்று இழுத்தாள் வீட்டுக்காரரின் சித்தி.

“மாத்திரை துன்றவன் கை ஆடுது. உன் புருஷன் கை எதுக்கு ஆடுதுன்னு ஊருக்கே தெரியும். போய் ஒக்காரு” என்றார் மாமியார்.

பத்தர் குத்தினார். மகள் அலறி எகிறினாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான், கையை விடவில்லை. இரண்டாவது காதும் முடிந்தது. அவன் புது வேட்டி நனைந்திருந்தது.

“மாமனுக்குச் சீரு வெச்சுட்டா பாரு” என்றார் மாமியார். தம்பி கண்ணைத் திறந்து குனிந்து பார்த்துச் சிரித்தான். அப்போதும் கையைப் பிரிக்கவில்லை. நான் போய்த்தான் குழந்தையை வாங்கினேன்.

அரிவாள்மணை இப்போதும் சில நாள் கட்டிலுக்கு அடிக்குத்தான் போகிறது. சில நாள் அடுப்படியிலேயே கிடக்கிறது. நான் எதுவும் கேட்பதில்லை. மேடத்தைப் பார்க்கும் வியாழக்கிழமைகளில் மாமியாரையும் கூட்டிப் போகிறேன். ரயிலில் இன்னும் கண்ணு ஆஸ்பத்திரிதான். வருகிறார். அது போதும்.